மிச்ச ஜோடி

எனக்கு ஒரு ஜோடி ஷூ வேண்டுமென்றால் இரண்டு ஜோடி வாங்கியாக வேண்டும். வலது காலில் முழங்காலுக்குக் கீழிருந்து விரல் நுனி வரை பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கூடு ஒன்றை மாட்டியிருப்பேன். ஸ்பிளின்ட் என்போம். அந்தக் கூட்டோடு கால் நுழைய வேண்டுமானால் வலது ஷூ பெரிதாக இருக்க வேண்டும். இடது காலுக்கு என் சொந்த அளவு போதும். ஆக, ஒரு ஜோடியிலிருந்து சின்ன இடது, இன்னொரு ஜோடியிலிருந்து பெரிய வலது. மீதி இரண்டும் வீட்டில் சும்மா கிடக்கும்.

பழங்காநத்தத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் செருப்புக்கடைக்காரரிடம் அம்மா கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். "அளவு மாத்தி ஒத்தை ஒத்தையாக் குடுங்கண்ணே."

"மிச்சத்த நான் யாருக்குத்தா விக்க? இதே மாதிரி ஒரு பிள்ளை வரணும், அதுக்கு எடது காலு இப்படி இருக்கணும். எங்க போயித் தேட?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை, வியாபாரத்தைச் சொன்னார். ஆனால் எனக்கு அப்போது ஏழெட்டு வயது. கடையைவிட்டு வெளியே வரும்போது என்னோடு இன்னொருத்தியும் வந்துவிட்டாள். என் மிச்ச ஜோடி கச்சிதமாகப் பொருந்துகிற, இடது கால் விறைத்த ஒரு பெண்.

பிறக்கும் நேரத்தில் மூளையின் ஒரு பக்கத்துக்கு ரத்தம் சரியாகப் போகாததால் வலது கையும் காலும் இறுகிப்போன பிள்ளை நான். டாக்டர்கள் பெருமூளை வாதம் என்றார்கள். தெருவில் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்கள். வெறுங்காலில் நடந்தால் வலது பாதத்தின் முன்பகுதிதான் தரையைத் தொடும், குதிகால் அந்தரத்தில் நிற்கும். முழங்கால் உள்ளே மடங்கும், இடுப்பு ஒரு பக்கமாகத் தூக்கும், வலது கை கோழிச் சிறகு போல நெஞ்சுக்கு ஏறும். ஸ்பிளின்டையும் ஷூவையும் மாட்டிவிட்டால் அதே கால் வேறு காலாகிவிடும். குதிகால் முதலில் இறங்கும். எட்டு நீளமாக விழும். கைகூடக் கொஞ்சம் கீழே இறங்கிக்கொள்ளும். வித்தை மாதிரித்தான் இருக்கும்.

வித்தையெல்லாம் வாசற்படி வரைக்கும்தான். "வீட்டுக்குள்ளயும் போட்டு நடக்கணும்மா, உள்ளுக்குன்னு தனியா ஒரு ஜோடி வச்சுக்கங்க" என்று பயிற்சி கொடுக்கும் அக்கா எவ்வளவோ சொல்லியும் அம்மா மசியவில்லை. "சாமி இருக்குற வீட்டுக்குள்ள ஷூவா?" என்பாள். அதனால் தெருவில் குதிகால் ஊன்றி நடப்பவள், வாசலில் ஷூவைக் கழற்றிக் குழாயடியில் கால் கழுவி உள்ளே நுழைந்ததும் முன்காலில் நடப்பவளாகிவிடுவேன். கூடத்துச் சிமெண்டுத் தரையில் என் ஈரத்தடம் விழும். இடது பாதம் முழுசாக இருக்கும். வலது பாதி, வெறும் முன்பாதி.

மிச்ச ஜோடிகளை அம்மா எறியவும் மாட்டாள், யாருக்கும் கொடுக்கவும் மாட்டாள். சாக்கில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். கேட்டால், "யாரு கால்லயாவது ஏறிரும்டி" என்பாள். எது ஏறிவிடும் என்று மட்டும் சொல்லமாட்டாள்.

எங்கள் பக்கம் கோயில் வாசலில் செருப்புத் தொலைந்தால் யாரும் பெரிதாக வருந்துவதில்லை. "விடு, பீடை கழிஞ்சது" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறிவிடுவார்கள். காலைப் பிடித்த சனி செருப்போடு போய்விடுமாம். எடுத்துக்கொண்டு போனவன் கதி என்ன என்று கேட்பாரில்லை. எனக்குத் தெரிந்து அதைக் கேட்டவள் அம்மா ஒருத்திதான். அதற்குத்தான் அந்தச் சாக்கு.

அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, வேறு மாதிரி. அவளுக்கும் அதே நம்பிக்கைதான், ஆனால் எதிர்த்திசையில். நல்லவள். என்மேல் உயிரையே வைத்திருந்தாள். பாசக்காரர்கள் ஒரு முடிவோடு கிளம்பிவிட்டால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம்தான்.

ஒரு வருடம் மாசியில் குலசாமி கும்பிடப் பேரையூர்ப் பக்கம் போயிருந்தோம். ஊருக்கு வெளியே, வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கோயில். படையல் முடிந்து, பாத்திரங்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம், நல்ல வெயில். அத்தை என்னை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டாள். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் என் மிச்ச ஜோடி ஒன்று இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் பரணில் ஏறி எடுத்திருக்கிறாள், அந்த உடம்பை வைத்துக்கொண்டு.

என் ஷூவையும் ஸ்பிளின்டையும் கழற்றினாள். இடது காலில் பெரியதை மாட்டினாள். வலது காலை அந்தச் சின்னதுக்குள் திணித்தாள்.

"அத்தை, மாறியிருக்கு."

"மாறித்தான்டி இருக்கணும். அப்பத்தான் அது எந்தக் காலுன்னு கொழம்பிப் போயி எறங்கும்."

பீடையை இம்புட்டு மட்டமாக நினைத்தவள் உலகத்தில் அத்தை ஒருத்திதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் எல்லாரும் செருப்பை விட்டிருந்தார்கள். அதுவரைக்கும் போட்டுக்கொண்டு நடந்து, அங்கே கழற்றி விட்டுவிட வேண்டும் என்றாள். நடந்தேன். வலது கால் விரல்கள் சுருண்டு வலித்தன. குதிகால் ஷூவுக்கு உள்ளே இறங்கவே இல்லை. அதைவிட மோசம் இடது கால். ஜென்மத்தில் எனக்குத் துரோகம் செய்யாத கால் அது. பெரிய ஷூவுக்குள் சளக் சளக்கென்று ஆடி, கழன்றுவிடாமல் இருக்க விரலைக் கவ்விக் கவ்வி இழுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச தூரத்துக்கு என் நல்ல காலும் கெட்ட காலாக இருந்தது. இப்படித்தான் அந்த இன்னொருத்தி நடப்பாள் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் சில்லிட்டது, அந்த வெயிலில்.

மரத்தடியில் கழற்றினேன். அத்தை என்னைத் தூக்கிக்கொண்டாள். "திரும்பிப் பாக்காம வா."

வேன் கிளம்பியதும் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் ஒருத்தி குனிந்து என் ஷூக்களை எடுத்தாள். அவள் இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. பச்சைப் பாவாடை. கால்கள் அந்த அம்மாவின் முழங்காலுக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. அவள் ஒரு ஷூவைப் பிள்ளையின் பாதத்தோடு வைத்து அளவு பார்த்தாள். வண்டி திரும்பியது. அப்புறம் புழுதிதான்.

கல்லுப்பட்டி தாண்டியதும் அத்தை தன் சாமர்த்தியத்தை எல்லாருக்கும் சொன்னாள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மதினி, வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. திரும்பிப் போவோம்."

யாரும் நிறுத்தவில்லை. அப்பா முன்சீட்டிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா என் வெறும் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். மதுரை வரும் வரை அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சோதனையாக, அடுத்த மாதமே என் நடை தேறியது. காரணம் எல்லாம் சாதாரணமானது. பழைய ஸ்பிளின்ட் எனக்குச் சின்னதாகிப் போயிருந்தது, புதிது செய்தார்கள். புது ஷூவின் பின்பக்கம் கெட்டியாக இருந்தது, அடிப்பாகம் அகலம், குதிக்குக் கீழே சின்ன ஆப்பு ஒன்று வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். கால் நேராக இறங்கியது. முழங்கால் உள்ளே மடங்குவது குறைந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் நின்று, "இப்ப நல்லா நடக்குறாளே பிள்ளை" என்றார்கள். அத்தை ஒரு கூடை மல்லிகைப்பூவோடு வந்து இறங்கினாள். "பாத்தியா? எறக்கி வச்சேன்ல?"

என்னிடமிருந்து இறங்கிவிட்டதென்றால் அது இப்போது பச்சைப் பாவாடைக்காரியிடம் இருக்கிறது. நான் ரோட்டில் டக் டக்கென்று வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அங்கே அவள் இடது குதிகால் தூக்கிக்கொள்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக ஷூவைக் கழற்றுவேன். கால் கழுவுவேன். கூடத்தில் நடந்து போய்த் திரும்பிப் பார்ப்பேன். வலது தடம் பாதிதான் இருக்கும். அப்பாடா, போகவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குச் சோறு இறங்கும். ஷூ போட்டால் மறைந்துகொள்கிறது, கழற்றினால் வந்துவிடுகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். தன் நோய் தன்னிடம் பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் சரிபார்த்த பிள்ளை ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் மதியம் குளித்துவிட்டு வந்து திரும்பிப் பார்த்தபோது வலது தடத்துக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு ஈரம் இருந்தது. குதிகால். அம்மா தினமும் காலையில் என் பாதத்தை மடியில் வைத்து மேல்நோக்கி அழுத்தி இழுத்துவிட்டதன் பலன் அது. பயிற்சி கொடுக்கும் அக்கா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். உள்ளங்கையால் அந்த ஈரத்தைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பெரிதானது.

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். தடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மூலையில் கிடந்த கரித்துணியை எடுத்து வந்து, குனிந்து, தரையை ஒரு முறை துடைத்தாள். மறுபடியும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு நான் மளமளவென்று உயரமானேன். எலும்பு வளர்ந்த வேகத்துக்குக் கெண்டைக்கால் தசை ஈடுகொடுக்கவில்லை, குதிகால் மறுபடியும் மேலே ஏறிவிட்டது. வளர்த்தியில் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அப்படித்தான் இருந்தது.

அந்தப் பச்சைப் பாவாடைக்காரியும் என்னோடு வளர்ந்தாள். ஒவ்வொரு வருடமும் அவளுக்கான ஜோடி பரணுக்குப் போயிற்று. பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், எங்கேயாவது ஒரு குதிகால் தூக்கி நின்றால் போதும், எந்தக் கால் என்று பார்ப்பேன். வலது என்றால் மூச்சு வரும். இடது என்றால் முகத்தைப் பார்ப்பேன். எந்த முகத்தைத் தேடுகிறேன்? அன்றைக்கு நான் முகத்தைப் பார்க்கவே இல்லையே.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. மூளையின் இடது பாதி உடம்பின் வலது பாதியை ஆள்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். மூளையில் பட்ட அடி செருப்பு வழியாகத் தொற்றாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததெல்லாம் தலையில் இருக்கிறது. பயம் குடியிருப்பது வேறு இடத்தில்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை, வகுப்பில் பரீட்சைத்தாள் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் ஒன்று தோன்றியது. கால்கள் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற அளவு வளர்ந்த பிள்ளையை அந்தம்மா ஏன் இடுப்பில் வைத்திருந்தாள்? தரை சுட்டிருக்கலாம். பிள்ளைக்குச் செருப்பு இல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை, அவளுக்கு ஏற்கெனவே நடக்க வராமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் நான் எதையும் கொடுக்கவில்லை. அந்த யோசனை அரைநாள் ஆறுதலாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் போய்விட்டது.

போன வருடம் என் ஸ்பிளின்ட் கணுக்கால் பக்கம் விரிசல் விட்டது. செய்து தருகிற இடத்துக்குப் போய்க் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும் ஒரு பெண், பக்கத்தில் அவள் அம்மா. கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து காலையிலேயே கிளம்பி வந்தவர்கள். அவளைக் கூப்பிட்டதும் எழுந்து நடந்தாள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சளக், சளக். இடது காலில் ஸ்பிளின்ட், அதற்கு ஏற்ற பெரிய ஷூ. வலது காலிலும் அதே பெரிய ஷூ. நல்ல கால் அதற்குள் ஆடி ஆடி, விரலைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. வேப்பமரத்துக்கு நான் நடந்த அதே நடை. ஸ்பிளின்ட் போட்ட காலைவிட நல்ல கால்தான் அதிகமாகத் தடுமாறியது.

"ஒத்தை ஒத்தையாக் கேட்டா கடையில தர மாட்டேங்குறாகக்கா" என்றாள் அந்தம்மா, நான் பார்ப்பதைப் பார்த்து. "அதான் பெரிய ஜோடியா ஒண்ணு வாங்கி, நல்ல காலுக்குத் துணியத் திணிச்சு விடுறேன். ரெண்டு எட்டு வைக்கங்குள்ள அது நகந்துருது. போன வாரம் பள்ளிக்கூடப் படியில விழுந்து மொகவாயில தையல்."

"இது எப்ப இருந்து இவளுக்கு?"

"பொறந்ததுல இருந்தே."

"பொறந்ததுல இருந்தேவா? நல்லா நடந்துக்கிட்டு இருந்து, நடுவுல வந்ததில்லையே?"

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "இல்லக்கா. அதான் சொன்னேன்ல."

என் பாதம் சின்னது. அந்தப் பெண்ணின் பாதம் வயசுக்கு மீறி வளர்ந்தது. கேட்காமலேயே எனக்கு அளவு தெரிந்துவிட்டது. பரணில் புதுசாக ஒரு ஜோடி கிடக்கிறது. இடது பெரியது, வலது சின்னது. அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது முழங்கால் தேய்ந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் எல்லா வேலையும். நெடுநேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"தையல் போட்டுச்சாக்கும்?"

"ஆமாம்மா."

"எறக்கு அந்தச் சாக்க."

இறக்கினேன். பழைய ஜோடிகளின் அடிப்பாகம் எல்லாம் காலம் தின்று பொடியாகியிருந்தது. தொட்டால் கையோடு உதிர்ந்தது. மேலாகக் கிடந்த புதியது மட்டும் நன்றாக இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்.

"நீ கால் விட்டுப் பாக்கலைல்ல?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

மஞ்சள் கரைத்துக் கொண்டுவரச் சொன்னாள். புது ஷூவுக்கு மஞ்சத்தண்ணி தெளித்த வீடு மதுரையில் எங்களுடையதாகத்தான் இருக்கும். கறை பட்டுவிடாமல் நான் துடைத்து வைத்தேன். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுடி" என்றாள். ஆகாதும்மா என்று டீச்சர் குரலில் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஸ்பிளின்ட் வாங்கப் போன அன்று அவர்களும் வந்திருந்தார்கள். பையை நீட்டினேன். "நான் இதப் போடவே இல்லம்மா. யாரும் போடல" என்றேன், அவள் கேட்காமலேயே. அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்து மகளுக்கு மாட்டிவிட்டாள். ஒட்டுப்பட்டையை இழுத்து ஒட்டினாள். வலது காலில் அது தோல் மாதிரி போய் உட்கார்ந்தது.

அந்தப் பெண் தாழ்வாரத்தில் நடந்தாள். முதலில் சந்தேகமாக, பிறகு தைரியமாக. இடது குதிகால் டக்கென்று இறங்கியது. வலது கால் சத்தமில்லாமல் நகர்ந்தது. எட்டு நீண்டது, இடது கை தானாகக் கீழே இறங்கியது. என் நடை அது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் என் நடை என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தாழ்வாரக் கடைசியில் அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"மகராசியா இருக்கணும்க்கா நீங்க" என்றாள் அவள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் ஷூவைக் கழற்றினேன். புது ஸ்பிளின்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன். குழாயடியில் கால் கழுவினேன், இரண்டு காலையும் நன்றாக நனைத்து. கூடத்தில் நடந்து போய் நடுவில் நின்றேன். திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வயதில், இவ்வளவு படித்த பிறகு, சொந்தக் காலின் ஈரத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நிற்கிறேன்.

அம்மா நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி. அவள் கண்ணில் புரை விழுந்திருந்தது, அவ்வளவு தூரம் தெரியாது.

"இருக்கா?" என்றாள்.

அன்றைக்குக் குதிகால் ஈரத்தைத் துடைத்த அந்தக் கரித்துணி ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் சாயங்காலம் நான் கால் கழுவி வருகிற நேரத்துக்கு அவள் கூடத்தில் ஏதாவது வேலையாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். இடது பாதம் முழுசாக. வலது, முன்பாதி மட்டும்.

"இருக்கும்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி வா, சாப்பிடு" என்றாள்.